பத்துப் பேர் இறந்தால் ‘தேர் லைஃப்’ என்பதா, ‘தேர் லைவ்ஸ்’ என்பதா?

‘விபத்தில் டென் பீப்பிள் லாஸ்ட் தேர் லைஃப் என்று எழுதினேன், லைவ்ஸ் என்று திருத்திவிட்டார்கள். ஆளுக்கு ஓர் உயிர்தானே?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

திருத்தியவர் செய்தது சரிதான். ஆளுக்கு ஒன்று என்றாலும் போனது பத்து உயிர். ஆங்கிலம் அந்தப் பத்தைத்தான் கணக்கில் எடுக்கும்.

நாம் இங்கே தடுமாறுவதில் வியப்பில்லை. தமிழில் ‘பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள்’ என்கிறோம். ‘கைகளை’ என்றால் ஆளாளுக்கு இரண்டு கையையும் தூக்கியது போல இருக்கும். அஃறிணையில் ‘கள்’ கட்டாயமே இல்லை. மாடு மேய்ந்தது, மாடு மேய்ந்தன, இரண்டும் வழக்கு. பால்பகா அஃறிணைப் பெயர் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். அந்தப் பழக்கம் ஆங்கிலம் எழுதும்போதும் கூடவே வந்துவிடுகிறது.

அதற்காக, ‘தேர்’ வந்தாலே பின்னால் ‘எஸ்’ போட்டுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். உடையவர் எத்தனை பேர் என்பது வேறு, உடைமை எத்தனை என்பது வேறு. தசரதன் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ராமன், லட்சுமணன், பரதன், சத்ருக்கனன் நால்வருக்கும் அப்பா ஒருவர், ஆகவே ‘தேர் ஃபாதர்’. சீதை, ஊர்மிளை, மாண்டவி, சுருதகீர்த்தி என்று ஆளுக்கொரு மனைவி, ஆகவே ‘தேர் வைவ்ஸ்’. நால்வரின் அம்மாக்களைச் சேர்த்துச் சொன்னால் ‘தேர் மதர்ஸ்’. லட்சுமணனையும் சத்ருக்கனனையும் மட்டும் சொன்னால் சுமித்திரை ஒருத்திதான், ‘தேர் மதர்’. தசரதனோ ஒற்றை ஆள், ஆனாலும் ‘ஹிஸ் வைவ்ஸ்’. இந்த நால்வரைப் பற்றி ‘தேர் வைஃப்’ என்று எழுதினால் கதை மகாபாரதத்துக்குப் போய்விடும். திரௌபதியைப் பற்றி எழுதும்போது அதுவே சரி!

எண்ண முடியாதவற்றில் இந்தச் சிக்கலே இல்லை. எத்தனை பேர் இருந்தாலும் ‘தேர் ஹானஸ்டி’, ‘தேர் பேஷன்ஸ்’ ஒருமைதான்.

குழப்பம் வருவது வேறோர் இடத்தில். ‘ஸ்டூடண்ட்ஸ் ஷுட் பிரிங் தேர் புக்ஸ்’ என்றால் ஆளுக்கு ஒரு புத்தகமா, பலவா? வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. சுற்றறிக்கை, விண்ணப்பம் மாதிரி துல்லியம் தேவைப்படும் இடங்களில் நான் ‘ஈச் ஸ்டூடண்ட் ஷுட் பிரிங் ஒன் புக்’ என்று மாற்றிவிடுவேன். ‘ஈச்’ வந்துவிட்டால் ஒருமை, சண்டைக்கு இடமில்லை.

மரபுத்தொடர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. பெற்றோர் இருவரும் பிடிவாதமாக மறுத்தாலும் ‘புட் தேர் ஃபுட் டவுன்’ என்று ஒரே காலோடு நிற்கும். அதே இருவர் முடிவெடுத்தால் ‘மேட் அப் தேர் மைண்ட்ஸ்’ என்று பன்மை. இவற்றைப் படித்துப் படித்துத்தான் பழக வேண்டும்.