உள்ளே போனது திரும்பி வரவேண்டும்: கெஜக்கோல் பற்றிய கேள்விகள்

இங்கே தென்னாப்பிரிக்காவில் சுடுதளத்தில் ராம்ராட் என்கிறார்கள், ஆஃப்ரிக்கான்ஸ் பேசும் நண்பர்கள் லாய்ஸ்டோக் என்கிறார்கள். நான் கெஜக்கோல் என்றே எழுதுகிறேன். குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு அந்தக் கோல்தான் கையும் கண்ணும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கோலின் முனையில் மாட்டும் சாமான்களைப் பற்றியவை.

50 கேலிபர் ரைஃபிள் வைத்திருக்கிறேன் அண்ணா. அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ஜாக் (துணி வைத்துக் குழலைத் துடைக்கும் முனை) என் கோலில் ஏறுகிறது, ஆனால் ஆடுகிறது. டெஃப்லான் டேப் சுற்றினால் போதுமா? (சாட்ஸ்வொர்த்)

வேண்டாம் தம்பி. டேப் ஆட்டத்தை மறைக்கும், பிடிப்பைத் தராது.

உங்கள் கோலின் உள்மரை மெட்ரிக்காக இருக்கும் என்று நினைக்கிறேன். அமெரிக்கச் சாமான்களில் இரண்டு மரைகள்தான் அதிகம் வரும்: மெல்லிய கோல்களுக்கு 8-32, தடித்தவற்றுக்கு 10-32. இரண்டாவது எண், ஓர் அங்குலத்தில் எத்தனை மரை என்பது. ஐரோப்பியக் கோல்கள் பலவற்றில் எம்5 இருக்கும். இங்கேதான் ஏமாற்றம். 10-32 திருகின் விட்டம் 4.83 மி.மீ., மரை இடைவெளி 0.79 மி.மீ. எம்5 திருகின் விட்டம் 5 மி.மீ., இடைவெளி 0.8 மி.மீ. இடைவெளி ஏறக்குறைய ஒன்றே என்பதால் 10-32 ஜாக் எம்5 துளைக்குள் சுகமாக ஏறிவிடும். ஆனால் மரையின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று பிடித்திருக்கும். துடைக்கும்போது தெரியாது. சிக்கிய துணியைப் பலமாக இழுக்கும் நாளில் மரை வழித்துக்கொண்டு, ஜாக் அடியிலேயே தங்கிவிடும். தலைகீழாக, எம்5 ஜாக்கை 10-32 துளையில் திருகினால் இரண்டு சுற்றில் இறுகும். குறடு போட்டு முடுக்கினால் இரண்டுமே பாழ்.

எம்5 வெளிமரையும் 10-32 உள்மரையும் உள்ள பித்தளை அடாப்டர் ஒன்று வாங்குங்கள், அல்லது லேத் பட்டறையில் கடைந்து வாங்குங்கள். அதைவிட நல்லது, கோலின் பூணையே (முனையில் மரையோடு இருக்கும் உலோக உறை) 10-32க்கு மாற்றிவிடுவது. பெட்டியில் இருக்கும் ஜாக், வார்ம் (உள்ளே தங்கிய துணியைக் கொக்கிபோலப் பிடித்து எடுக்கும் சுருள்), குண்டு பிடுங்கும் திருகு எல்லாம் ஒரே மரையில் இருந்தால் அவசரத்தில் தடுமாற வேண்டாம்.

என் மரக்கோலின் பூண் குழலுக்குள் கழன்றுவிட்டது. ஒருவழியாக எடுத்துவிட்டேன். மறுபடி எப்படி ஒட்டுவது? (டோங்காட்)

ஒட்டினால் மட்டும் போதாது ஐயா. உலக்கைக்குப் பூண் போட்டால் இடிக்கும்போது அது கீழ்நோக்கி அழுந்துகிறது. இங்கே நாம் இழுக்கிறோம், பூணும் கழலத்தான் பார்க்கும். எபாக்சி பசை எண்ணெயையும் சோப்புத் தண்ணீரையும் வருடக்கணக்கில் தாங்கும் என்று நம்பாதீர்கள்.

மரத்தின் நுனியைப் பூணுக்குள் இறுக்கமாக நுழையும்படி சீவி, இரண்டையும் உப்புத்தாளால் தேய்த்து, எபாக்சி தடவிச் செருகுங்கள். காய்ந்த பிறகு பூணையும் மரத்தையும் சேர்த்துக் குறுக்காக 1.5 அல்லது 2 மி.மீ. துளை போட்டு, பித்தளை ஆணி ஒன்றை நுழைத்து, இரு பக்கமும் லேசாகத் தட்டி விரித்து, அரத்தால் மட்டமாக்குங்கள். துளை திருகு மரைக்குள் போய்விடாதபடி இடம் பார்த்துப் போட வேண்டும். கடையில் வாங்கும் புதுக் கோலிலும் இந்த ஆணி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல விலை குறைந்த கோல்களில் வெறும் பசைதான்.

இதே நிலையில் மாட்டிக்கொண்டவர்கள், சிக்கியதைச் சுட்டு வெளியேற்ற நினைக்காதீர்கள். அடியில் மருந்தோடு ஒட்டாமல் நடுக்குழலில் தடை நின்றால் குழல் வீங்கலாம், வெடிக்கலாம். துப்பாக்கியில் மருந்து இல்லை என்பது உறுதியானால், நிப்பிளை (பற்றவைக்கும் கேப் மாட்டும் சிறு குழாய்) கழற்றி அந்த இடத்தில் கிரீஸ் நிப்பிள் பொருத்தி, கிரீஸ் கன்னால் மெதுவாகத் தள்ளலாம். அழுக்கான வேலைதான், ஆனால் குழலுக்குச் சேதமில்லை.

இரண்டு மூன்று முறை சுட்டதும் ஜாக் பாதியில் நின்றுவிடுகிறது. டர்பனில் என் அண்ணனுக்கு இந்தத் தொல்லை இல்லை. (லெனேசியா)

உங்கள் காற்றுதான் காரணம். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல், குளிர்காலத்தில் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும். கருமருந்தின் கசடு அந்தக் காற்றில் ஓடு போல இறுகுகிறது. டர்பன் ஈரத்தில் அது மெத்தென்று இருக்கும். அண்ணனுக்குத் துருதான் எதிரி, அன்றைக்கே வெந்நீரில் கழுவியாக வேண்டும்.

ஒவ்வொரு வேட்டுக்கும் பிறகு ஈரமான துணி வில்லை ஒன்றை மெதுவாக உள்ளே விட்டு எடுங்கள். சொட்டக் கூடாது, நாக்கில் வைத்து எடுத்த ஈரம் போதும். அப்படியும் நின்றால் ஜாக் உங்கள் துணிக்குப் பெரிது. டிரில்லில் மாட்டிச் சுற்றவிட்டு, அரமும் உப்புத்தாளும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். நான்கு முறை தேய்த்தால் ஒரு முறை குழலில் போட்டுப் பாருங்கள். போகும்போது துணி வழுக்கிப் போகவேண்டும், வரும்போது ஜாக்கின் வளையங்களில் சுருண்டு கசடை வழித்து வரவேண்டும். வளையங்களின் ஓரத்தை மழுக்கிவிட்டால் துணி அடியிலேயே தங்கும், அப்புறம் வார்ம் தேட வேண்டிவரும்.

இன்னொன்று: சில ரைஃபிள்களில் அடியிலுள்ள மருந்தறை குழலைவிடக் குறுகலானது. அங்கே ஜாக் போகாது. சிறிய கேலிபர் பிரஷ்ஷில் துணி சுற்றி அனுப்புங்கள். பிரஷ் சிக்கினால் வலப்பக்கமாகத் திருகிக்கொண்டே இழுங்கள். இடப்பக்கம் திருகினால் கோல் மட்டும் கழன்று வரும்.

ஏலத்தில் பழைய ஃபோர்லாயர் (வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி) ஒன்று வாங்கினேன், சன்னா என்ற பழைய போயர் வகை என்றார்கள். கோல் இல்லை. என்ன கோல் பொருந்தும்? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கோல் அப்புறம். முதலில் அது காலியா என்று பாருங்கள். குழல்வாயை உங்கள் முகத்துக்கும் பிறருக்கும் விலக்கி வைத்து, ஒரு நேரான மரக்குச்சியை அடி வரை விட்டு, வாய் மட்டத்தில் பென்சிலால் குறியிடுங்கள். அதே குச்சியைக் குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். நுனி, பற்றவைக்கும் துளைக்கு ஓரிரு அங்குலம் முன்பே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. கருமருந்து உலர்ந்திருந்தால் நூறு வருடம் கழித்தும் எரியும். அந்த நிலையில் நீங்கள் எதையும் பிடுங்க வேண்டாம், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

1838 டிசம்பர் 16இல் ந்கோமே ஆற்றங்கரையில், பிளட் ரிவர் போரில், முழங்கியவையும் வாய்வழி கெட்டித்த துப்பாக்கிகள்தான். பழையவற்றில் ஒன்றின் குழல் அளவு இன்னொன்றில் இராது. அதனால் கோலின் தடிப்பை உங்கள் துப்பாக்கிக் குழலின் அடியில் கோலைச் செருகி வைக்கும் வளையங்களை அளந்தே முடிவு செய்யுங்கள். காலி என்று தெரிந்த பிறகு புதுக் கோலில் இரண்டு கோடுகள் போடுங்கள்: காலிக் குழலுக்கு ஒன்று, வழக்கமான கெட்டிப்புக்கு ஒன்று. நான் கோலில் செய்யச் சொல்லும் வேலைகளில் இதைவிட மலிவானதும் இல்லை, இதைவிட முக்கியமானதும் இல்லை.

குழல்வாயில் வைக்கும் பித்தளைக் கூம்பு அவசியமா? (டர்பன்)

அவசியம். அது கோலை நடுவில் நிறுத்தும். குழல்வாயின் காடிகளை (குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளங்கள்) கோல் ஒரு பக்கமாகத் தேய்த்தால் குறி கெடும்.

அசெகாய் மரத்தில் கோல் செய்யலாமா மாமா? காட்டில் நிறைய நிற்கிறது. (போர்ட் ஷெப்ஸ்டோன்)

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு ஆரக்கால் தந்த உறுதியான மரம்தான் மாப்பிள்ளை. ஆனால் அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது. ஹிக்கரி என்ற அமெரிக்க மரத்தில் செய்த கோலை வாங்குங்கள். வாங்கும்போது கோலைச் சுற்றிப் பாருங்கள்: மரத்தின் ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓட வேண்டும். நடுவில் பக்கவாட்டில் வெளியேறினால், அந்த இடத்தில்தான் ஒருநாள் சாய்வாகப் பிளந்து உள்ளங்கைக்குள் ஏறும். எந்த மரமானாலும் குழல்வாய்க்கு ஒரு சாண் மேலே பிடித்துச் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள்.