உலாவியில் இயங்கும் பக்க அடுக்குக் கருவியில் பிடிஎஃப் வேகத்தைக் கூட்டுவது எப்படி?

பெரிய பிடிஎஃப் கோப்பை ஏற்றியதும், பக்கங்களை அச்சுத் தாளில் உரிய வரிசையில் அடுக்கும் உங்கள் கருவி உறைந்துபோகிறது, அச்சுக்கான கோப்பு வெளிவர நிமிடக்கணக்காகிறது, வேகமான வழங்கிக்கு (சர்வர்) மாறினால் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் ஓர் அச்சகத்துக்காக இத்தகைய கருவியைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், வழங்கிக்குச் செலவழிக்கும் முன் கருவி எதற்காகப் பக்கங்களை வரைகிறது என்பதைப் பாருங்கள் என்பேன்.

எங்களிடம் அதிகம் வருபவை 31ஆம் நாள் நினைவு மலர்கள். நடுவில் பின் அடிக்கும் 16 பக்க மலரென்றால், முதல் ஏ3 தாளின் ஒரு முகத்தில் 16ஆம், 1ஆம் பக்கங்களும் மறுமுகத்தில் 2ஆம், 15ஆம் பக்கங்களும் அமைய வேண்டும். இதற்குப் பக்கத்தின் அளவும் திசையும் தெரிந்தால் போதும். உள்ளே இருப்பது அம்மம்மாவின் படமா தேவாரமா என்பது கருவிக்கு வேண்டாத விடயம். அப்படியிருந்தும் ஒவ்வொரு பக்கத்தையும் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) கேன்வாஸில், அதாவது உலாவியின் வரைபரப்பில், படமாக வரைந்து, அந்தப் படத்தைத் தாளில் ஒட்டினால், ஓர் ஏ4 பக்கத்துக்கு 2480 × 3508 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என ஏறத்தாழ 35 மெகாபைட் நினைவகம் போகும். சிறிய தமிழ் எழுத்துகளின் கூர்மையும் கெடும்.

வெளியீட்டுக்கு, பிடிஎஃப்-லிப் (pdf-lib) என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகத்தின் எம்பெட்பிடிஎஃப் (embedPdf) போன்ற வழியைப் பயன்படுத்துங்கள். அது மூலப் பக்கத்தை ஃபார்ம் எக்ஸ்ஆப்ஜெக்ட் (Form XObject) என்ற, வேறொரு பக்கத்தில் அப்படியே வைக்கக்கூடிய உள்ளடக்கத் துண்டு ஆக்கிப் புதிய தாளில் வைப்பதால், படங்களும் எழுத்துருக்களும் அமுக்கிய நிலையிலேயே நகலாகின்றன. எல்லாப் பக்க எண்களையும் ஒரே அழைப்பில் கொடுப்பது முக்கியம். பக்கத்துக்கு ஓர் அழைப்பு என்று சுற்றில் விட்டால், பொதுவான எழுத்துரு ஒவ்வொரு முறையும் புதிதாக நகலாகிக் கோப்பு ஊதிவிடும்.

முன்னோட்டத்துக்கு, பிடிஎஃப் பக்கங்களை உலாவியில் வரைந்து காட்டும் பிடிஎஃப்.ஜேஎஸ் (PDF.js) நூலகம் போதும், ஆனால் திரையில் தெரியும் பக்கங்களை மட்டும், 72 டிபிஐ அளவில் வரையுங்கள்.

அடுக்கும் வேலை முழுவதையும் வெப் வொர்க்கருக்கு (திரையைத் தடுக்காமல் பின்னணியில் நிரலை ஓட்டும் உலாவி வசதி) மாற்றி, கோப்பின் அர்ரேபஃபரை (கோப்பின் பைட்டுகள் இருக்கும் நினைவகப் பகுதி) நகலெடுக்காமல் உரிமை மாற்றி அனுப்பினால் திரை உறையாது. பலர் கவனிக்காத ஒன்று: திரை உறைந்துவிடக் கூடாதென்று பிடிஎஃப்-லிப் இயல்பாகவே இடையிடையே நின்று நின்றுதான் கோப்பை வாசிக்கிறது. வொர்க்கருக்குள் அந்தத் தயக்கத்துக்குத் தேவையில்லை. வாசிக்கும் வேகத்துக்கான பார்ஸ்ஸ்பீட் (parseSpeed) அமைப்பை ஃபாஸ்டஸ்ட் ஆக்கி, சேமிக்கும்போது ஒரே மூச்சில் எத்தனை பொருள்களை எழுதலாம் என்பதற்கான ஆப்ஜெக்ட்ஸ்பெர்டிக் (objectsPerTick) எண்ணையும் உயர்த்திவிடுங்கள்.

இவ்வழியில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. பக்கத்தின் மேல் குறிப்பு (அனோட்டேஷன்) வடிவில் சேர்க்கப்பட்ட முத்திரை, நிரப்பிய படிவப் புலம் போன்றவை புதிய தாளுக்கு வந்து சேரா. அத்தகைய கோப்புகளை முதலில் தட்டையாக்கித் (அவற்றைப் பக்கத்தின் உள்ளடக்கத்தோடே சேர்த்துத்) தரும்படி வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும். ஃபார்ம் எக்ஸ்ஆப்ஜெக்டில், பக்கத்தை எவ்வளவு திருப்பிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ரொட்டேட் (Rotate) என்ற குறிப்புக்கு இடமில்லாததால், கைபேசியில் ஸ்கேன் செய்த பக்கங்கள் சில படுத்துக் கிடக்கும். மூலப் பக்கத்தின் ரொட்டேட் மதிப்பை வாசித்து, வரையும்போது நீங்களே திருப்பி வைக்க வேண்டும்.