வேனிலேயே குடியிருந்து, சோலாரும் லித்தியம் பேட்டரியும் வைத்து, ஈ.பி. கனெக்‌ஷன் இல்லாமல் சென்னையில் வாழ முடியுமா? கரண்ட் பில் மிச்சமாகுமா?

முடியும். ஆனால் கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கத்தான் இந்த யோசனை என்றால் இப்போதே விட்டுவிடுங்கள்.

என் வேனில் ஒரு நாளைக்கு ஆகிற செலவு ஏறக்குறைய ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். நம் ஊரில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதாவது, ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொட்டி நான் கூரையில் பிடிக்கிற கரண்ட் மொத்தத்தையும் வீட்டிலேயே இருந்திருந்தால் காலணா இல்லாமல் வாங்கியிருப்பேன். எங்கம்மா இந்தக் கணக்கெல்லாம் போடவில்லை, நேராகவே கேட்டாங்க: "ஊட்ல ஃபேன் சும்மா சுத்தினுகீது. நீ இன்னாத்துக்குடா ரோட்ல போய்ப் படுக்குற?"

நான் தண்டையார்பேட்டையில் லாரிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியன். மணலி, எண்ணூர் பக்கம் ராத்திரியில் கண்டெய்னர் வண்டி ஹெட்லைட் போய் நின்றுவிட்டால் போன் வரும். வீட்டுக்கு வருவதும் திரும்பப் போவதுமாகவே பாதி ராத்திரி கழிந்தது. அதனால் 2024 தொடக்கத்தில் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கிச் சீட்டெல்லாம் கழற்றி, கட்டில், அடுப்பு மேடை, டூல்ஸ் பெட்டி போட்டேன். துணி துவைக்கவும் நல்லது கெட்டதுக்கும் திருவொற்றியூரில் அம்மா வீடு. மற்றபடி வேன்தான். மோட்டார் ஹோம் என்று சொன்னால் கூட நிற்கிற லாரிக்காரர்கள் சிரிப்பார்கள். துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கிற டிரைவர் வண்டிக்கு அடியில் தூளி கட்டித் தூங்கி, கேபின் பக்கத்தில் ஸ்டவ் வைத்துச் சோறாக்கி, பல காலமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். என்னிடம் கூடுதலாக இருப்பது ஒரு ஃப்ரிட்ஜும் கொசுவலை அடித்த ஜன்னலும்.

கேட்டவர் பெரம்பூரில் வாடகை வீட்டில் இருப்பதாகவும், அட்வான்ஸ் பணத்தைத் திரும்ப வாங்கி வேனில் போடலாமா என்றும் எழுதியிருக்கிறார். அதனால் என் வண்டியில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கூரையில் 330 வாட் பேனல் இரண்டு. பேனல் தருகிற கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்று. 12.8 வோல்ட், 200 ஆம்பியர் அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, அதாவது 2.56 யூனிட் பிடிக்கிற தொட்டி. 1000 வாட் இன்வெர்ட்டர். வண்டி ஓடும்போது டைனமோவிலிருந்து சார்ஜ் ஏற்ற 30 ஆம்பியர் டிசி டு டிசி சார்ஜர். இந்தக் கடைசிச் சாமானில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். லித்தியம் பேட்டரி, நாம் கொடுக்கிற கரண்டை எல்லாம் வஞ்சனையில்லாமல் வாங்கிக்கொள்ளும். நேராக வயர் இழுத்தால் டைனமோ காய்ந்து கருகிப்போகும்; அப்படிக் கருகினதை என் கையாலேயே கழற்றியிருக்கிறேன்.

செலவு? 12 வோல்ட் ஃபேன் இரண்டு, ஒவ்வொன்றும் 24 வாட். ஒன்று ஏறக்குறைய நாள் முழுக்க ஓடும், இன்னொன்று ராத்திரிக்கு. இரண்டுக்கும் சேர்த்து 700 வாட் அவர் (ஆயிரம் வாட் அவர் ஒரு யூனிட்). 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜுக்கு வெயில் காலத்தில் 500. லைட், போன், லேப்டாப், தண்ணி மோட்டார் எல்லாம் சேர்ந்து 200க்குள். மிக்சியைப் பார்த்துப் பயப்படுவார்கள், சத்தத்தினால் வருகிற பயம் அது. 750 வாட் மிக்சியில் இரண்டு நிமிஷம் சட்னி அரைத்தால் 25 வாட் அவர்தான் போகும். சத்தமே போடாமல் திருடுவது இன்வெர்ட்டர். எதையும் மாட்டாமல் ஆன் பண்ணி வைத்தாலே என்னுடையது 12 வாட் இழுக்கிறது. ஒரு நாள் முழுக்க மறந்தால் கிட்டத்தட்ட 300 போச்சு. வேலை முடிந்ததும் அணைத்துவிடுவேன்.

இதுவரை சொன்னதெல்லாம் கூட்டல் கணக்கு, யாரும் போட்டுவிடலாம். இந்த ஊரில் உண்மையான சண்டை வேறு. நிழலில் நிறுத்தினால் பேனல் பட்டினி. வெயிலில் நிறுத்தினால் நாம் வேகணும். வெளிநாட்டு வீடியோக்களில் பேட்டரிக்குக் கம்பளி போர்த்துவார்கள், சூடேற்றி வைப்பார்கள், ஏனென்றால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் பண்ணக் கூடாது. நமக்கு அந்தக் கவலை ஏழு ஜென்மத்துக்கும் வராது. கத்திரியில் பிற்பகல் 2 மணிக்கு என் வேனுக்குள் 44 டிகிரி பார்த்திருக்கிறேன். பேட்டரியைச் சூடு தின்றுவிடும், ஆயுசு குறையும். முதலில் என்ஜின் பக்கத்துச் சீட்டுக்கடியில் வைத்திருந்தேன், வயர் நீளம் குறையுமே என்று. ஒரு மாதத்திலேயே பின்சக்கரத்துப் பக்கம் மாற்றி, பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டேன்.

பேனலுக்கும் சூடு ஆகாது. பெட்டியில் எழுதியிருக்கிற 330 வாட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. மதியம் கூரையில் அது 65 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் விழும் என்று வைத்தால் 16 சதவீதம் அங்கேயே ஆவி. அதனால் பேனலைக் கூரையோடு ஒட்டி வைக்காமல் மூன்று விரல்கடை இடைவெளி விட்டேன். காற்று அடியில் ஓடுகிறது, கூரைத் தகட்டுக்கும் பேனலே பந்தல் மாதிரி நிழல். சாய்த்து வைக்கணுமா என்று பலர் கேட்கிறார்கள். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். தட்டையாகவே போடுங்கள், நஷ்டம் சொற்பம்.

நான் கண்டுபிடித்த சமாதானம் இது: காலையில் 7லிருந்து 1 வரை வெட்டவெளியில் நிறுத்துவேன், அந்த நேரத்தில் எனக்கு வெளியில்தான் வேலை. பிறகு கடல் பக்கம் வாசல் திரும்புகிற மாதிரி ஏதாவது ஒரு சுவர் நிழலுக்குப் போய்விடுவேன். மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வரும். அது வராத நாளில் எந்த ஃபேனும் உதவாது.

ஒரு தடவை இந்தச் சமாதானத்தை மீறினேன். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14இல் முடிந்து, கடலுக்குப் போன விசைப்படகெல்லாம் மீனோடு கரைக்கு வந்த வாரம். தங்கச்சி வீட்டுக்காரர் சாப்பிட வருகிறார் என்று காசிமேட்டில் இரண்டு கிலோ வஞ்சிரம் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தேன். வெயில் தாங்காமல் அதற்கு முந்தின இரண்டு நாளும் பாலத்துக்கடியில்தான் வண்டி. கும்மிடிப்பூண்டியில் ஒரு லாரி நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். கிளம்பும்போது மீட்டரைப் பார்த்தேன்: 13.0 வோல்ட். இருபது வருஷமாக லாரி பேட்டரி பார்க்கிறவன் நான். ஆசிட் பேட்டரி 12.7 காட்டினாலே ஃபுல். 13.0 என்றதும் தைரியமாகப் பூட்டிவிட்டுப் போனேன். லித்தியத்தில் அதே 13.0 என்றால் கால் தொட்டிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அது 13.3க்கும் 13.0க்கும் நடுவிலேயே பாதிக்கு மேல் சார்ஜைக் கழித்துவிட்டு, கடைசியில் படியில் உருண்ட மாதிரி விழும். இன்வெர்ட்டரை வேறு அணைக்கவில்லை. பேட்டரிக்குள் காவலுக்கு இருக்கிற பிஎம்எஸ் என்கிற சர்க்யூட் தன் கடமையைச் செய்து இணைப்பைத் துண்டித்துவிட்டது. மறுநாள் சாயந்திரம் வந்து கதவைத் திறந்தேன். காசிமேட்டில் பிறந்து வளர்ந்த மூக்குக்கே அது தாங்கவில்லை. மெத்தையைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. மச்சானுக்கு அன்றைக்கு ஓட்டல் பிரியாணி.

அதற்குப் பிறகு ஷன்ட் வைத்த பேட்டரி மானிட்டர் மாட்டினேன். வோல்டேஜைப் பார்த்து ஊகிக்காமல், உள்ளே போன ஆம்பியர் எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று கணக்குப்பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டே இருக்கும். சில ஆயிரம் ரூபாய்தான். லித்தியம் வாங்குகிறவர்கள் இதை முதல் நாளே வாங்குங்கள்.

வடசென்னைக்கே உரிய தொல்லை இரண்டு: உப்பும் சாம்பலும்.

12 வோல்ட்டில் 600 வாட் எடுத்தால் 50 ஆம்பியருக்கு மேல் ஓடும். அந்தக் கரண்டுக்கு, வயர் நுனியில் மாட்டுகிற லக் ஒன்று லூஸாக இருந்தால் போதும், ஸ்டவ் பற்ற வைத்த மாதிரி. அவசரத்தில் ஒரு இடத்தில் அலுமினிய லக் போட்டிருந்தேன். ஐந்தே மாதத்தில் கடல் உப்பு அதற்கும் காப்பர் வயருக்கும் நடுவில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஒரு காலையில் மிக்சி ஓடும்போது தீய்ந்த வாசனை. சட்னியா என்று பார்த்தால் இல்லை. வயர் மேல் போட்டிருந்த சிவப்பு ஸ்லீவ் பழுப்பாகிச் சுருங்கியிருந்தது, கை வைக்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் வயரிங் பார்க்கிறவன் சொந்த வண்டியில் விட்ட கோட்டை இது. இப்போது எல்லாமே ஈயம் பூசிய காப்பர் லக், ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தி, மேலே வாசலின் தடவியது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். மாதம் ஒருமுறை எல்லா நட்டையும் ஸ்பானர் போட்டுப் பார்ப்பேன், ஏனென்றால் எண்ணூர் ரோட்டுக் குலுக்கலில் எதுவும் இறுக்கமாக இருக்காது.

சாம்பல் கதை வேடிக்கை. பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017இல் மூடிவிட்டார்கள், ஆனால் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடுகிறது, துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது. ஊருக்கே கரண்ட் தயாரிக்கிற இடத்துப் பக்கத்தில் நின்று, அங்கிருந்து வருகிற தூசியைத் துடைத்து நான் என் ஒன்றரை யூனிட்டை எடுக்கிறேன். காலை 6 மணிக்கு, கண்ணாடி சூடாவதற்கு முன்னால் ஏறி, அரை வாளித் தண்ணியில் பழைய வேட்டித் துணியை நனைத்து இழுப்பேன். முதல் இழுப்பிலேயே துணி ஸ்லேட் துடைத்த மாதிரி ஆகிவிடும். துடைத்த நாளில் 10 மணிக்கு முந்தின நாளைவிட 4 ஆம்பியர் கூடக் காட்டும். எங்கள் பக்கத்து போர் தண்ணி உப்பு, அதில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைக் கறை. அதனால் மெட்ரோ தண்ணிதான். காக்காவையும் மறந்துவிடாதீர்கள். மீன் கழிவு இருக்கிற இடத்தில் காக்கா நிறைய. அதன் எச்சம் ஒரு செல்லை மறைத்தாலே பேனலில் மூன்றில் ஒரு பங்கு படுத்துவிடும்.

மழைக்காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. சோலார் இருந்திருந்தால் என்று அப்போது ஏங்கினேன். பிறகு 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தது. நல்ல நாளில் 2.3 யூனிட் தருகிற என் பேனல்கள் அன்றைக்கு முழு நாளுக்கும் தந்தது 180 வாட் அவர். புயல் நாளில் வானமே கறுப்பு, பேனல் என்ன செய்யும்? ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் டிசி டு டிசி சார்ஜர் 0.4 யூனிட் ஏற்றும், ஆனால் ரோட்டில் முழங்கால் தண்ணி. ஃப்ரிட்ஜைக் காலி பண்ணி அணைத்துவிட்டு ஒரே ஃபேனில் இருந்தேன். வடகிழக்குப் பருவத்தில் இரண்டு நாள் தாங்குகிற பேட்டரி போதாது என்று யாராவது சொன்னால் நம்புங்கள்.

மற்றது சுருக்கமாக. சமையலுக்கு 5 கிலோ கேஸ் சிலிண்டர். இன்டக்‌ஷன் ஸ்டவ்வை இந்தப் பேட்டரியில் மாட்ட நினைக்காதீர்கள். அடுப்பு எரியும்போது கதவு திறந்திருக்கணும். கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க், கட்டணக் கழிப்பிடம், அவசரத்துக்கு வண்டிக்குள்ளே ஒரு போர்ட்டபிள் டாய்லெட். குடும்பத்தோடு என்றால் இதைத்தான் முதலில் யோசிக்கணும், பேட்டரியை இல்லை. சீட்டைக் கழற்றி வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் வருகிறது. ஆர்டிஓவில் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றாவிட்டால் இன்சூரன்ஸ் சமயத்தில் கைவிரிப்பார்கள். ராத்திரி ரோந்து வருகிற போலீஸ் "யாருப்பா உள்ள?" என்று தட்டுவார்கள். ஆர்சியையும் டூல்ஸ் பெட்டியையும் காட்டினால் போய்விடுவார்கள். ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து போன் சார்ஜ் போட்டுக்கொண்டு போனார்.

கடைசியாக ஏசி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு டன் ஏசி ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு ஐந்து யூனிட்டாவது கேட்கும். என் பேட்டரி இரண்டு வேண்டும், அதை நிரப்ப என் கூரையைப் போல இன்னும் இரண்டு கூரை வேண்டும். ஏசி இல்லாமல் தூங்க முடியாதவர் என்றால் பெரம்பூர் வீட்டு அட்வான்ஸ் அங்கேயே இருக்கட்டும். தூங்க முடியும் என்றால், வண்டி வாங்குவதற்கு முன்னால் மே மாதத்தில் யாருடைய வேனையாவது கேட்டு வாங்கி, பேனல்கூட வேண்டாம், ஒரு ஃபேனோடு இரண்டு ராத்திரி படுத்துப் பாருங்கள். என் வண்டியைப் பார்க்கணும் என்றால் காலையில் வாருங்கள், வெட்டவெளியில்தான் நிற்கும். உட்கார நிழல் இருக்காது, குடை கொண்டு வந்துவிடுங்கள்.