மியூட்டினியின் மேசைகள் – கடிதம்

வணக்கம் ஐயா,

சொந்த ஊர் திருப்பூர். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு மூன்று வருடமாக பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலின் பாரில் வேலை பார்க்கிறேன். சமீபத்தில், கொக்கெயின் கடத்தல்காரனாகும் ஒரு கியூப அகதியைப் பற்றிய ‘ஸ்கார்ஃபேஸ்’ என்ற ஹாலிவுட் படம் பார்த்தேன். அதில் வரும் பாபிலோன் கிளப்புக்கு முன்மாதிரி அமெரிக்காவின் மயாமியில் நிஜமாகவே இருந்த மியூட்டினி கிளப்தான் என்று தெரிந்ததும், அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். கையில் காசில்லாமல் கியூபாவிலிருந்து வந்த பையன்கள் கொக்கெயின் கடத்திக் கொஞ்ச வருடத்திலேயே ஷாம்பெயினில் குளித்திருக்கிறார்கள். அவர்கள் பணத்தில்தான் மயாமியே எழுந்து நின்றது என்கிறார்கள். உண்மையைச் சொன்னால், படிக்கப் படிக்கப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஊருக்கே தெரிந்த ஒரு இடத்தைப் போலீஸ் ஏன் மூடவில்லை? முதலாளிக்கு அதில் பங்கு இருந்ததா? சாப்பாடும் சரக்கும் மட்டும் விற்றவரை எப்படிக் குற்றவாளி என்பது? கடைசியாக ஒன்று. எங்கள் பாரில் சில ராத்திரிகளில் சில மேசைகளைக் காட்டி, “அந்தப் பக்கம் பார்க்காதே” என்று சொல்லிவிடுவார்கள். நானும் பார்ப்பதில்லை. இதில் எனக்கு என்ன பொறுப்பு?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் பொறாமையை நான் குறை சொல்ல மாட்டேன். பார்ப்பவர்களுக்குப் பொறாமை வரவேண்டும் என்றே கட்டப்பட்ட இடம் அது. மயாமியின் கோகனட் குரோவ் பகுதியில், பிஸ்கேன் விரிகுடாவின் படகுத்துறையைப் பார்த்தபடி நின்ற ஹோட்டல். பர்ட்டன் கோல்ட்பெர்க் என்ற கட்டுமானத் தொழிலதிபர் 60களின் கடைசியில் கட்டினார். அதற்குள் உறுப்பினர்களுக்கு மட்டுமான கிளப்பாக மியூட்டினி வந்தது. கண்ணடிக்கும் கடற்கொள்ளைக்காரன் படம் போட்ட உறுப்பினர் அட்டை, ஒவ்வொன்றும் ஒரு கற்பனை தேசமாக அலங்கரித்த அறைகள், தொப்பியும் மெல்லிய உடையுமாகப் பரிமாறும் பெண்கள். டாம் பெரின்யோன் ஷாம்பெயின் அமெரிக்காவில் வேறெங்கும் அந்த அளவுக்கு விற்றதில்லை என்று இன்றும் சொல்கிறார்கள்.

இந்தப் பளபளப்பை நாம் தொழிலின் லாபத்தில் செய்துகொண்ட ஆடம்பரம் என்று நினைத்துவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொக்கெயின் வியாபாரத்தில் ஒப்பந்தம் எழுத முடியாது. பாக்கி வராவிட்டால் கோர்ட்டுக்குப் போக முடியாது. விளம்பரம் கொடுக்கவோ வங்கியில் கடன் கேட்கவோ வழியில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவன் சொன்ன சரக்கைச் சொன்ன நாளில் இறக்குவானா என்பது தெரிந்தாக வேண்டும். உங்கள் ஊரில் வெளிநாட்டு பையர் வந்தால் ஆர்டர் பேசுவதற்கு முன்னால் கம்பெனியைச் சுற்றிக் காட்டுவார்கள் அல்லவா? கடத்தல்காரனுக்குச் சுற்றிக் காட்ட எதுவும் இல்லை. மேசைதான் அவன் கம்பெனி. பக்கத்து மேசைகளுக்கெல்லாம் ஷாம்பெயின் அனுப்பினால் போன லோடு பத்திரமாகக் கரை சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். திடீரென்று ஒரு வாரம் ஆளைக் காணோம் என்றால் அதையும் எல்லோரும் கவனிப்பார்கள். விமானி, படகோட்டி, வக்கீல், பணத்தைக் கைமாற்றி விடுபவர் என்று அந்தத் தொழிலுக்குத் தேவையான அத்தனை பேரும் ஒரே கூடத்தில் ஒருவரை ஒருவர் எடைபோட்டுப் பார்க்க முடிந்தது. மற்ற வியாபாரங்களில் ஆபீஸும் வங்கியும் சங்கமும் செய்யும் வேலையை அங்கே மினுக்கு செய்தது.

அப்புறம், ஒரு திருத்தம். படத்தின் கதாநாயகன் 1980இல் கியூபாவின் மரியெல் துறைமுகத்திலிருந்து படகில் வந்தவன். அந்த ஏப்ரலிலிருந்து அக்டோபருக்குள் வந்த சுமார் 1,25,000 பேரில் பெரும்பாலானோர் சாதாரணக் குடும்பத்து ஜனங்கள். மியூட்டினியின் ராஜாக்களோ பெரும்பாலும் அதற்கு முந்தைய தலைமுறை அகதிகள், 60களில் வந்து சேர்ந்தவர்கள். அவர்களில் மூத்தவர்கள் சிலருக்கு இன்னொரு பின்னணியும் உண்டு. காஸ்ட்ரோவின் கியூப அரசுக்கு எதிராக அமெரிக்கா அகதிகளை வைத்து நடத்திய பிக்ஸ் விரிகுடா படையெடுப்பு 1961 ஏப்ரலில் தோற்றது. அதற்குப் பிறகும் காஸ்ட்ரோவைக் கவிழ்ப்பதற்காக அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ மயாமியில் ஒரு மாபெரும் நிலையத்தை நடத்தியது. இரவில் விளக்கில்லாமல் படகு ஓட்டுவது, ஆள் கண்ணில் படாமல் கரையில் சரக்கு இறக்குவது, போலி ஆவணம், வெடிமருந்து எல்லாம் அங்கே கற்றுக்கொடுக்கப்பட்டன. பிறகு அரசாங்கத்துக்கு அந்த யுத்தத்தில் ஆர்வம் குறைந்தது. கற்ற வித்தை கையோடு இருந்தது. எல்லோரும் கடத்தலுக்குப் போகவில்லை, போனவர்களுக்குப் புதிதாகக் கற்க அதிகம் இருக்கவில்லை.

போலீஸ் ஏன் மூடவில்லை என்ற கேள்விக்கும் பாதி பதில் இங்கேயே இருக்கிறது. ரிக்கார்டோ மொராலெஸ் என்று ஒருவர். ‘குரங்கு’ என்பது பட்டப்பெயர். முதலில் காஸ்ட்ரோவின் உளவுத்துறையில் இருந்தார். அமெரிக்காவுக்கு ஓடிவந்து சிஐஏவுக்காகக் காங்கோவில் சண்டை போட்டார். எஃப்பிஐக்குத் துப்பு சொன்னார். 1968இல் மயாமி துறைமுகத்தில் ஒரு போலந்துக் கப்பலைத் தாக்கிய வழக்கில், தன்னோடு இருந்த ஆளுக்கு எதிராகவே சாட்சிக்கூண்டில் ஏறினார். வெனிசுவேலாவின் உளவுப் பிரிவில் வேலை பார்த்தார். கடைசியில் மயாமிக்குத் திரும்பி, மியூட்டினியின் வாடிக்கையாளராக, ஒரே நேரத்தில் கடத்தல்காரராகவும் போலீஸுக்குத் தகவல் சொல்பவராகவும் இருந்தார். இப்படிப்பட்ட ஒருவர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் துப்பறியும் போலீஸும் வந்து உட்காரும். யார் யாரோடு பேசுகிறார்கள், யார் புதிதாக முளைத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் ஒரு மேசையிலிருந்தே பார்த்துவிடலாம். அந்த இடத்தை மூடினால் அத்தனை பேரையும் ஊரெல்லாம் தேட வேண்டியிருக்கும். இருட்டுச் சந்தில் நடக்கும் வியாபாரத்தை விரட்டிப் பிடிக்கிற சட்டம், வெளிச்சத்தில் நடப்பதைச் சௌகரியம் கருதி விட்டுவைத்தது. இதை நான் தந்திரம் என்று பாராட்ட மாட்டேன். விட்டுவைத்த ஒவ்வொரு மாதமும் ஊரில் யாரோ அதற்கு விலை கொடுத்தார்கள்.

மொராலெஸ் கொடுத்த தகவலை வைத்துத் தொடங்கியதுதான் அந்த ஊரையே பரபரப்பாக்கிய ‘டிக்-டாக்ஸ்’ வழக்கு. ஒரு கடத்தல்காரர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குள் போலீஸ் ஒலிவாங்கியை மறைத்து வைத்து நாள்கணக்கில் பேச்சைப் பதிவு செய்தது. 1981இல் ஆள் ஆளாகக் கைது. ஆனால் மொராலெஸின் வார்த்தையை நம்பி ஒட்டுக்கேட்க அனுமதி வாங்கியதே செல்லாது என்று நீதிமன்றம் பதிவுகளைத் தள்ளிவிட்டது, வழக்கு உதிர்ந்துபோனது. 1982 டிசம்பரில் மயாமியை ஒட்டிய கீ பிஸ்கேன் தீவில் ஒரு பாரில் நடந்த தகராறில் மொராலெஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். இது தவிர நேரடி ஊழலும் இருந்தது. 1985இல் மயாமி ஆற்றங்கரையில் ஒரு படகிலிருந்த கொக்கெயினைக் கொள்ளையடிக்கப் போனவர்களே போலீஸ்காரர்கள்தான். அவர்களிடமிருந்து தப்பிக்க ஆற்றில் குதித்த கடத்தல்காரர்கள் மூன்று பேர் மூழ்கி இறந்தார்கள்.

சரி, அந்தப் பணத்தில்தான் மயாமி எழுந்ததா? பணம் வந்தது உண்மை. அமெரிக்காவில் சாதாரணமாக மத்திய வங்கியின் கிளைகள் வெளியே அனுப்பும் நோட்டு அதிகம், திரும்பி வருவது குறைவு. 70களின் கடைசியில் மயாமிக் கிளையில் இது தலைகீழாக இருந்தது. வந்த நோட்டு, போன நோட்டைவிட வருடத்துக்கு 500 கோடி டாலருக்கும் மேல் அதிகம். 10,000 டாலருக்கு மேல் ரொக்கமாகக் கட்டினால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1970லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியிருந்தும், அட்டைப்பெட்டியில் நோட்டைக் கொண்டுவந்தால் எடை போட்டு வாங்கிக்கொள்ளும் வங்கிகளும் இருந்தன. அதே வருடங்களில் லத்தீன் அமெரிக்காவிலிருந்து நேர்வழியில் வந்த வியாபாரப் பணமும் மயாமியின் வங்கிகள் நிறைந்த பிரிக்கல் சாலைக் கட்டிடங்களில் நிறைய இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. ஆனால் அகதிகள் மயாமியை எழுப்பிய கதையில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர்கள் மயாமியை ஒட்டிய ஹையாலியாவின் தையல் ஆலைகளில் பீஸ் ரேட்டுக்குத் தைத்த கியூபப் பெண்கள். திருப்பூர்க்காரரான உங்களுக்கு அதன் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்களைப் பற்றி ‘ஸ்கார்ஃபேஸ்’ மாதிரி ஒரு படம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. ‘ஸ்கார்ஃபேஸ்’ வந்தபோது தங்களைக் கொள்ளைக்காரர்களாகக் காட்டுகிறார்கள் என்று மயாமியின் கியூபர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், படப்பிடிப்பின் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனது.

நீங்கள் படித்ததில் ஷாம்பெயின் நிறைய வந்திருக்கும். இதையும் கூடவே வைத்துப் படியுங்கள். 1979 ஜூலை 11, மத்தியான நேரம், மயாமிப் பகுதியில் டேட்லாண்ட் என்ற ஷாப்பிங் மால். ஒரு வேன் வந்து நிற்கிறது. பக்கவாட்டில் விருந்துக்குச் சாமான் சப்ளை செய்யும் கடையின் பெயர். இரண்டு பேர் இறங்கி மதுக்கடைக்குள் நுழைந்து, அங்கே பாட்டில் வாங்க வந்திருந்த ஒரு கொக்கெயின் வியாபாரியையும் அவருடைய காவலாளையும் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளுகிறார்கள். கடை ஊழியர்களுக்கும் காயம். கார் நிறுத்துமிடத்திலும் கண்டபடி சுட்டுக்கொண்டே போகிறார்கள். போலீஸ் பிறகு அந்த வேனைக் கண்டுபிடித்துத் திறந்தால் உள்ளே குண்டு துளைக்காத உடைகளும் துப்பாக்கிகளும். 1981இல் மயாமி அடங்கிய டேட் கவுன்டியில் 621 கொலைகள். பிணவறையில் இடம் போதாமல் குளிர்சாதன லாரி ஒன்றை வாடகைக்கு எடுத்து வெளியே நிறுத்தி வைத்தார்கள். லாரி ஒரு பக்கம் நிற்க, அதே ஊரில், அதே ராத்திரிகளில்தான் மியூட்டினியின் மேசைகள் நிரம்பின.

பொறாமைப்பட அங்கே கடைசியில் யார் மிஞ்சினார்கள் என்றும் பாருங்கள். அங்கே புழங்கிய வில்லி ஃபால்கோனும் சால் மக்லூட்டாவும் வேகப்படகுப் பந்தய வீரர்கள், ‘பையன்கள்’ என்றுதான் ஊர் அவர்களைக் கூப்பிட்டது. 75 டன் கொக்கெயின் கடத்தியதாக 1991இல் வழக்கு. 1996இல் விடுதலையானார்கள். பிறகுதான் தெரிந்தது, ஜூரிக்குத் தலைவராக இருந்தவரையே விலைக்கு வாங்கியிருக்கிறார்கள் என்று. சாட்சிகள் சிலர் கொல்லப்பட்டிருந்தார்கள். ஃபால்கோனுக்கு 20 வருடம். மக்லூட்டாவுக்கு 205 வருடம், பிற்பாடு கொஞ்சம் குறைத்தார்கள். பரிமாறிய பெண்களின் கதை இவ்வளவு விவரமாக எங்கும் கிடைக்காது. நூறு டாலர் நோட்டுகளாக டிப்ஸ் வாங்கியவர்கள். சிலர் அதில் படித்து வெளியேறினார்கள். சிலர் வாடிக்கையாளர் நீட்டியதைப் பழகி அதிலேயே அழிந்தார்கள். உங்கள் தொழில் என்பதால் சொல்கிறேன், என் மனம் அவர்களிடம்தான் நிற்கிறது.

கோல்ட்பெர்க் கடத்தல்காரர் இல்லை. விளக்கின் வெளிச்சம் முதல் பூச்சாடி வரை தானே நின்று பார்க்கும் முதலாளி என்று அவரைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பூச்சாடியைக் கவனித்தவர் மேசையைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது என்பது என் எண்ணம். 80களின் நடுவில் ஹோட்டலை விற்றுவிட்டு, மாற்று மருத்துவப் புத்தகங்கள் வெளியிடுபவராகி, 2016இல் இறந்தார். தெரிந்தே இடம் கொடுத்தவரைத் தண்டிக்கும் தனிச் சட்டம் அமெரிக்காவில் 1986இல்தான் வந்தது. அதற்குள் மியூட்டினியின் நல்ல காலம் முடிந்துவிட்டது. சட்டம் தாமதமாக வந்ததால் அவர் குற்றவாளி ஆகவில்லை. பொறுப்பு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அந்த மினுக்கை வடிவமைத்து, அதன் பில்லை வாங்கிக் கல்லாவில் போட்டவர் அவர்.

நம் நாட்டில் இது ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு: ஒரு இடத்தின் சொந்தக்காரரோ, அதைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரோ, அங்கே குற்றம் நடக்கத் தெரிந்தே அனுமதித்தால், அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை அவருக்கும். “அந்தப் பக்கம் பார்க்காதே” என்று உங்களிடம் சொல்பவர் இந்தப் பிரிவுக்குள் வரக்கூடியவர். இடம் உங்கள் பொறுப்பில் இல்லாதவரை பரிமாறும் உங்களை இது நேராகத் தொடாது. ஆனால் ஒரு பொட்டலத்தைக் கையால் வாங்கி அடுத்த மேசையில் கொடுத்தால், உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது எனச் சொல்லித் தப்பிப்பது கஷ்டம். எனவே பில், தட்டு, பாட்டில் தவிர எதையும் எந்த மேசையிலிருந்தும் வாங்கவோ கொடுக்கவோ வேண்டாம். பார்க்கிங்கில் ஒரு பையைக் கொடுத்துவிட்டு வா என்றாலும் போகாதீர்கள். துப்பறியும் வேலையில் இறங்க வேண்டாம், போட்டோ எடுக்கவும் வேண்டாம், ஆபத்து.

சொல்ல வேண்டும் என்று தோன்றினால் 1933 என்ற எண் இருக்கிறது. மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் இலவச எண், 2024இல் தொடங்கியது. பெயர் சொல்லாமலே பேசலாம். உங்கள் செல்லிலிருந்து தயக்கமாக இருந்தால் வேறு போனில் பேசுங்கள். மூன்று வருட பார் அனுபவம் உள்ளவருக்கு பெங்களூரில் வேறு இடம் கிடைக்கும், அதையும் இப்போதே தேட ஆரம்பியுங்கள். என்ன முடிவு செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.