மகன் கேட்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 63. கணவர் எட்டு மாதங்களுக்கு முன் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் சம்பாதித்து வாங்கிய வீட்டில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம். “ஆஸ்பத்திரிச் செலவுக்கு நான்தானே கடன் வாங்கினேன், வீட்டை எனக்கு விடுதலை எழுதிக் கொடு” என்கிறான் மகன். மறுத்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் பென்ஷன் ஏடிஎம் கார்டும் அவனிடம். கணவரின் வங்கி டெபாசிட்டுக்கும் அவன்தான் நாமினி. பெற்ற பிள்ளையைக் கோர்ட்டுக்கு இழுக்க மனம் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: அம்மா, இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதையெல்லாம் பேசிச் சரிசெய்யலாம். விடுதலைப் பத்திரம் என்றால் வீட்டில் உங்களுக்குள்ள பங்கை மகனுக்கு விட்டுக்கொடுப்பது. அது பதிவாகிவிட்டால், ரத்து செய்ய சிவில் கோர்ட்டுக்கு வருடக்கணக்கில் நடக்க வேண்டிவரும்.

அந்த வீட்டில் நீங்கள் மகன் தயவில் இருக்கவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, உங்கள் கணவரின் சுயசம்பாத்தியச் சொத்து உங்களுக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமம். (மாமியார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.) கல்யாணம் ஆனதால் மகள் பங்கு குறையாது. டெபாசிட்டும் அப்படித்தான், நாமினி பணத்தை வங்கியிலிருந்து வாங்கலாமே தவிர, அது வாரிசுகள் எல்லோருக்கும் சொந்தம். பென்ஷன் உங்களுடையது மட்டும். நாளைக்கே வங்கிக்குப் போய்ப் பழைய கார்டை முடக்கி, உங்கள் செல்போன் எண்ணைப் பதிந்து, புதுக் கார்டு கேளுங்கள்.

“பட்டா மாற்றத்துக்குத்தான்” என்று பதிவு அலுவலகத்துக்குக் கூப்பிட்டால், பத்திரத்தின் முதல் பக்கத் தலைப்பைப் படியுங்கள். விடுதலை, தான செட்டில்மெண்ட் (சொத்தைத் தானமாக எழுதிக் கொடுப்பது), பொது அதிகாரம் (உங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்குப் பவர் கொடுப்பது) என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். “சம்மதம்தானா?” என்று சார்பதிவாளர் கேட்கும்போது “நான் எழுதிக் கொடுக்கவில்லை” என்று சொன்னாலே உங்களைப் பொறுத்தவரை அவர் பதிவை மறுத்தாக வேண்டும்.

மகன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அப்பாவின் சிகிச்சைக்குக் கடன் வாங்கியது உண்மையென்றால் பில்களையும் கடன் சீட்டையும் வாங்கிப் பாருங்கள். மகளையும் உட்காரவைத்து, டெபாசிட்டிலிருந்து முதலில் அந்தக் கடனை அடைத்துவிடுங்கள். கோபத்தில் பாதி அங்கேயே தீரும் என்று நம்புகிறேன்.

அப்புறமும் உங்கள் பங்கை மகனுக்கே கொடுக்க விரும்பினால், “என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்” என்ற நிபந்தனையும், ஆயுள்வரை அங்கே குடியிருக்கும் உரிமையும் பத்திரத்திலேயே இருக்கட்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவு, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை இருந்ததைக் காட்டாவிட்டால் அந்தப் பிரிவு உதவாது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. 2025-ல் இன்னொரு வழக்கில் பெற்றோர் பக்கம் தாராளமாகவே பார்த்தது. இருந்தாலும் வாய்வார்த்தையை நம்பி எழுதிக் கொடுக்காதீர்கள்.

பேச்சுக்கு மகன் வரவில்லையா? மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வழக்குப் போடாமலே இருவரையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள். பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். உங்களைக் கவனிக்காமல் விட்டாலோ வீட்டைவிட்டுப் போகச் சொன்னாலோ, வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) 2007 சட்டப்படி நீங்களே மனு எழுதிக் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. அவரும் முதலில் சமரச அலுவலரிடம் அனுப்பிப் பேசவைக்கலாம். இதில் போலீஸும் இல்லை, கூண்டும் இல்லை. யாரிடம் கேட்பதென்று தெரியாவிட்டால், முதியோர் உதவி எண் 14567-க்குக் கூப்பிடுங்கள்.