காதில் சீழ்: ஜவ்வு ஒட்டினால் போதாதா, எலும்பையும் குடைய வேண்டுமா?

வருடக்கணக்காகச் சீழ் வடிகிறது, டாக்டர் மாஸ்டாய்டு (காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு) ஆபரேஷன் என்கிறார், காது ஜவ்வை மட்டும் ஒட்டினால் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதைத்தான் கேட்டேன்.

ஜவ்வில் வெறும் ஓட்டை என்றால் ஆகும். 1950களின் தொடக்கத்தில் ஜெர்மன் மருத்துவர்கள் வுல்ஸ்டைனும் ஸோல்னரும் தோலை வைத்து ஒட்டினார்கள். இப்போது காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையையோ குருத்தெலும்பையோ எடுத்து வைக்கிறார்கள்.

எனக்கு இருந்தது கொலஸ்டியட்டோமா. பேரைக் கேட்டுப் பயந்தேன், ஆனால் அது புற்றுநோய் இல்லை. நடுக்காதுக்குள் இருக்கக் கூடாத தோல். செதில் செதிலாக உதிர்ந்து சேர்ந்து எலும்பை அரிக்கும். முக நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, மேலே மெல்லிய எலும்பைத் தாண்டினால் மூளை. இதை உள்ளே விட்டு ஜவ்வை மூடுவது, கரையான் இருக்கும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற கதைதான்.

அதனால்தான் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பை டிரில் வைத்துக் குடைகிறார்கள். இதில் இரண்டு வழி. காதுக்குழாயின் பின்சுவரை அப்படியே விட்டால் காதின் அமைப்பு மாறாது. ஆனால் மூலைமுடுக்கில் நோய் மிஞ்ச வாய்ப்பு அதிகம். எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாய் வைத்து மூலைகளைப் பார்க்கலாம் என்றாலும், பலருக்கு ஒரு வருடம் வாக்கில் மறுபடி திறந்து பார்ப்பார்கள், அல்லது இதற்கென்றே உள்ள ஒருவகை எம்ஆர்ஐ எடுப்பார்கள். சுவரை எடுத்துவிட்டால் எல்லாம் ஒரே குழியாகிவிடும். நோய் திரும்புவது குறைவு, ஆனால் அந்தக் குழி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளாது.

எனக்குச் சுவரை எடுத்துவிட்டார்கள். சில மாதம் நாக்கின் ஒரு பக்கம் இரும்பை நக்கியது போல இருந்தது. சுவை நரம்பு நடுக்காது வழியாகத்தான் போகிறதாம். குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை வைக்க மறந்து, பச்சைத் தண்ணீர் உள்ளே போனால் தலை கிறுகிறுவென்று சுற்றும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சக்‌ஷன் குழாய் வைத்துச் சுத்தம் செய்கிறார்கள். வலி இல்லை, இரைச்சல்தான் தாங்காது. சீழ் மட்டும் நின்றே விட்டது.

காது கேட்பது பற்றிப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். முதல் வேலை நோயை எடுத்துக் காதை உலர வைப்பது. ஒலியைக் கடத்தும் சிற்றெலும்பு அரித்துப்போயிருந்தால் அதற்குப் பதில் டைட்டானியம் துண்டு வைப்பதைச் சில சமயம் அடுத்த ஆபரேஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். எனக்கும் தள்ளினார்கள், அப்புறம் நான் போகவே இல்லை.

சரி, டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: சுவரை வைப்பீர்களா, எடுப்பீர்களா? வைத்தால் மறுபடி எப்போது பார்ப்பீர்கள்?