தூக்கவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

வல்வெட்டித்துறைப் பட்டங்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் தூக்குவிசை, இழுவை என்று இரண்டு வந்தன. பாரிசவாதம் வந்த அப்பாவை நானும் மனைவியும் வீட்டில் வைத்துப் பார்க்கிறோம். கட்டிலில் கால்மாட்டுப் பக்கம் சறுக்கிக்கொண்டே போவார். கமக்கட்டில் கைகொடுத்து மேலே இழுத்துவிடுவோம். வந்து பார்த்த தாதி, "தூக்கவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்" என்று ஏசிவிட்டுப் போனார். பட்டத்துக்கு இரண்டும் வேண்டும், கட்டிலில் இரண்டும் ஆகாதா?

வாசகர், கரவெட்டி

அன்புள்ள தம்பி,

தாதி ஏசியது சரிதான். கமக்கட்டில் பிடித்து இழுத்தால் அப்பாவின் பாரம் தோள்மூட்டில் தொங்கும். பாரிசவாதம் வந்த பக்கத்தில் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு விலகிவிடலாம். உங்கள் நாரிக்கும் கேடு. நோயாளியைக் கையால் தூக்குவதற்கு அமெரிக்க ஆய்வாளர் தோமஸ் வோட்டர்ஸ் 2007இல் சொன்ன எல்லை 35 இறாத்தல், ஏறக்குறைய 16 கிலோ. 60 கிலோ ஆளை இரண்டு பேர் பங்கிட்டாலும் ஆளுக்கு 30 வருகிறதே.

தூக்காமல் இழுத்தால் தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு நகரும். இடையில் உள்ள சிறு இரத்தக் குழாய்கள் முறுகிப்போகும். படுக்கைப் புண் வர இதுவும் ஒரு காரணம்.

பட்டத்தின் கதை வேறு. அங்கே தூக்குவதும் இழுப்பதும் ஒரே வாடைக்காற்றுத்தான். அது தரும் விசையில் மேல்நோக்கிய பங்கு தூக்குவிசை, காற்றோடு போகும் பங்கு இழுவை. ஒன்றை விட்டு மற்றதை மட்டும் வாங்க முடியாது. பட்டத்தோடு நூலைச் சேர்க்கும் முச்சைக் கட்டைத் திருத்திப் பங்கை மாற்றலாம், அவ்வளவுதான். வால் கட்டுவதே இழுவையைக் கூட்டத்தான், இல்லாவிட்டால் பட்டம் சுற்றிக் குத்திவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இரண்டும் நான்கு மடங்காகும். பலாலிக்கு வரும் விமானத்துக்கும் இதே கணக்குத்தான்.

கட்டிலில் மறிப்பது உராய்வு. அதற்கு வேகம் பொருட்டில்லை, அழுத்தும் பாரந்தான் கணக்கு. அசையத் தொடங்கும் கணத்தில்தான் அது ஆகக் கூட. அதனால்தான் நாம் ஏலேலோ போட்டு வெட்டி இழுக்கிறோம். தோலும் மூட்டும் அடிபடுவது அந்த வெட்டில்தான்.

முதலில் தலைமாட்டைத் தாழ்த்தி, தலையணையை எடுத்துக் கட்டில் சட்டத்தோடு நிமிர்த்தி வையுங்கள், தலை இடிபடாது. பழைய நூல் சீலை ஒன்றை மடித்து, அவரைப் பக்கம் புரட்டி, தோளிலிருந்து தொடைவரை வரும்படி கீழே விரியுங்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று விளிம்பை அவர் உடம்போடு ஒட்டச் சுருட்டிப் பிடியுங்கள். பாரிசவாதம் வராத பக்கத்துக் காலை மடக்கி ஊன்றி, நாடியை நெஞ்சோடு வைக்கச் சொல்லுங்கள். மூன்று எண்ணியதும் அவர் உந்தட்டும். நீங்கள் பின்காலில் இருக்கும் பாரத்தை மெல்ல முன்காலுக்கு மாற்றுங்கள், சீலை கூடவே வரும். வழுக்கும் நைலோன் விரிப்புக் கிடைத்தால் இன்னும் சுகம். ஆனால் வேலை முடிந்ததும் அதை உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி சறுக்குவார்.

அவர் சறுக்குவதே தலையணை அடுக்கிச் சாய்த்து வைப்பதால் இருக்கலாம். சாப்பிடும்போதும் அதற்குப் பிறகு கொஞ்ச நேரமும் நிமிர்ந்திருக்கட்டும். மற்ற நேரம் 30 பாகைக்கு மேல் வேண்டாம். குதிக்காலையும் நாரிக்குக் கீழேயும் தினமும் பாருங்கள். சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளிறாமல் நின்றால் தாதியைக் கூப்பிடுங்கள், ஏசினாலும் பரவாயில்லை.